கலைமணி ஆட்டோவில் நாலு பாஷை

கலைமணியின் குரலை எங்கள் தாலுக்காவில் கேட்காதவர்கள் குறைவு. முகம் தெரிந்தவர்களும் குறைவுதான். ஆட்டோவின் பின்சீட்டில் பேட்டரிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருப்பாள். கூரைமேல் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஓட்டுவது அவள் அண்ணன் தாண்டவராயன். கோயில் திருவிழா, கண் சிகிச்சை முகாம், டென்ட் கொட்டகையில் படம் மாறுவது, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, எதுவானாலும் அண்ணனும் தங்கையும் கிளம்பிவிடுவார்கள்.

அவள் மைக் பிடித்ததே தற்செயல். வல்லக்கோட்டைக் கோயிலில் ஒரு கிருத்திகை நாள். அறிவிப்புச் செய்ய வேண்டிய ஆள் சாப்பிடப் போயிருந்தார். தாயைத் தொலைத்த ஒரு பெண்குழந்தை பந்தலடியில் நின்று வீறிட்டுக்கொண்டிருந்தது. பெயர் சொல்லத் தெரியவில்லை. அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்த கலைமணி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள். "எல்லாரும் நின்ன எடத்துலயே கொஞ்சம் குந்துங்க. கொயந்தய தேடற அம்மா மட்டும் நில்லுங்க" என்றாள். அத்தனை கூட்டமும் உட்கார்ந்தது. நடுவில் ஒருத்தி மட்டும் அழுதுகொண்டு நின்றாள். அன்றைக்கே தாண்டவராயன் பழைய ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டான்.

பெண்பிள்ளை ஊரெல்லாம் மைக்கில் பேசுவதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கலைமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மைக்கை அழுத்தியதும் ஸ்பீக்கரில் முதலில் ஒரு மூச்சு கேட்கும் அல்லவா, அந்த மூச்சுக்கே தன் உடம்பெல்லாம் சிலிர்க்கும் என்று பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

1991 மே மாதம் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு ஊர் பழைய ஊராக இல்லை. லாட்ஜில் சோதனை, பஸ்ஸில் சோதனை. வேற்று பாஷை பேசுகிறவர் யாரானாலும் நிறுத்திவைத்துக் கேள்வி. போலீஸ் ஜீப்பும் மைக்கும் வருகிற சத்தம் கேட்டாலே, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடிசைக்குள் போய்க் கதவை இழுத்துக்கொள்வார்கள்.

அப்படிப் பிழைக்க வந்தவர்களில் பெரிய கூட்டம் ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு உள்ளே இருந்தது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு புதுத் தொழிற்சாலைக்குக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. மண் வெட்ட ஆந்திராவின் பாலமூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்குக் குடும்பங்கள், கொத்து வேலைக்கு ஒரிசாக்காரர்கள், தச்சு வேலைக்கு பீகார்க்காரர்கள், சித்தாள் வேலைக்குத் தென்னாற்காட்டுத் தமிழர்கள். தார்ப்பாயும் தென்னங்கீற்றும் போட்ட குடிசைகளில் எல்லாரும் இருந்தார்கள். குடிக்கவும் குளிக்கவும் பழைய கல்குட்டையில் தேங்கிய தண்ணீர்தான்.

ஆவணி மாதம் அங்கே வாந்திபேதி வந்தது. அந்த வருஷம் காலரா உலகத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. கடல் தாண்டி தென் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் மடிகிறார்கள் என்று ரேடியோவில் செய்தி வந்தபோது நாங்கள் அதை எங்கேயோ நடக்கிற சங்கதியாகத்தான் கேட்டோம். அது ஒரகடத்துக்கு வந்து இரண்டு பேரைக் கொண்டுபோன பிறகுதான் ஹெல்த் இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடிவந்தார்.

முனிரத்தினம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் அம்மை ஊசி போட்டு வயதானவர். வந்த வேகத்தில் மூச்சு வாங்கினார்.

"கலை, உடனே கெளம்பணும். குட்டத் தண்ணி குடிக்காதீங்க, பேதி கண்டவங்க சிமென்ட் மூட்ட வெக்கற ஷெட்டுக்கு வாங்க, உப்பு சர்க்கரப் பாக்கெட்டு தர்றோம். இத்த அங்க போயி சொல்லணும்."

"இன்னா சார், கோயிலுக்கு சொல்றாப்பல சொன்னா போதுமா?"

"எப்படியாச்சும் சொல்லு. ஆளுங்க ஷெட்டுக்கு வரணும்."

தாண்டவராயன் தயங்கினான். "காலரா எடத்துக்கு இந்தப் பொண்ண இஸ்துக்கினு போவ சொல்றீங்களே சார்."

"நீ ஓட்டறியா, நான் வேற வண்டி பாக்கட்டா?" என்று கேட்டது இன்ஸ்பெக்டர் அல்ல, கலைமணி. அவள் ஏற்கெனவே பின்சீட்டில் ஏறிவிட்டிருந்தாள்.

கரைமேல் ஆட்டோ ஏறியதும் அவள் மைக்கை அழுத்தினாள். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அவள் குரல் குடிசைகள் மேல் விழுந்த மாத்திரத்தில் நடந்ததை அவள் வாழ்நாளில் அதற்குமுன் பார்த்ததில்லை. ஜனங்கள் ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, நோயாளிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்பில் கொதிக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு, ஏரிக்கு அந்தப்பக்கம் இருந்த பனந்தோப்புக்குள் ஓடி மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குடிசைகளில் நாய்கள்தான் மிச்சம்.

கலைமணி மைக்கை மடியில் இறக்கினாள். தன் குரலைக் கேட்டுக் கூட்டம் கூடித்தான் அவளுக்குப் பழக்கம்.

"போலீஸ்னு நெனச்சிட்டாங்க போல" என்றான் தாண்டவராயன்.

ஒரு குடிசையில் மட்டும் ஆள் இருந்தது. வாசலில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மடியில் பையனைக் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். ஓடுவதற்கு அவளுக்குத் துணிவில்லை. தூக்கினால் பையன் உயிர் போய்விடும் என்று பயந்திருந்தாள். பெயர் யாதம்மா. பாலமூர்க்காரி. மெட்ராஸ் பக்கம் மண் வேலை செய்திருந்ததால் கொஞ்சம் தமிழ் வரும். பையன் சாயிலுவுக்குக் கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடுத்தியாம்மா?" என்றார் முனிரத்தினம்.

"லேது சார். பேதிக்கு நீள்ளு கொடுத்தா இன்னும் போவும். ஒரு சொட்டு கொடுக்கல" என்றாள், நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு.

கலைமணி திடுக்கிட்டாள். அவள் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். பேதி என்றால் வயிற்றைக் காயப்போடுவார்கள்.

முனிரத்தினம் கொண்டுவந்திருந்த காய்ச்சிய தண்ணீரில் பாக்கெட்டைக் கலக்கினார். யாதம்மா டம்ளரைத் தள்ளிவிட்டாள். அவர் மறுபடியும் நீட்டினார். அவள் பையனைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். கலைமணி டம்ளரை வாங்கி, தான் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். பிறகு யாதம்மாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, ஸ்பூனை அவள் கையிலேயே கொடுத்தாள்.

"நீயே குடும்மா. நான் குந்திகினு பாக்கறேன்."

ஒரு ஸ்பூன். வாந்தி. பொறுத்து இன்னொரு ஸ்பூன். வெயில் ஏறி இறங்கும்வரை மூன்று பேரும் அந்தப் பையனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் பையன் கண்ணைத் திறந்து, ஸ்பூனை விட்டுவிட்டு டம்ளரையே எட்டிப் பிடித்தான். பிறகு அம்மாவின் மடியிலேயே ஒன்றுக்குப் போனான். உடம்பில் தண்ணீர் நின்றுவிட்டது என்று முனிரத்தினம் எழுந்து நின்று கைதட்டினார். யாதம்மா ஈரப் புடவையைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள். கலைமணியும் சிரித்தாள். மூத்திரத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மூன்று பேரைத் தான் கண்டதில்லை என்று தாண்டவராயன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் கலைமணி கடைத்தெருவில் இறங்கினாள். தெலுங்கு பேசுகிற வளையல் கடைக்காரரிடம் இரண்டு வாக்கியம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். குட்டைத் தண்ணீர் குடிக்காதே, மருந்துத் தண்ணீர் குடி. அவ்வளவுதான். தாகண்டி என்றால் குடியுங்கள், தாககண்டி என்றால் குடிக்காதீர்கள். படுக்கிறவரை முனகிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் தோப்பிலிருந்து கொஞ்சம் பேர் குடிசைக்குத் திரும்பியிருந்தார்கள். கலைமணி உற்சாகமாக மைக்கை அழுத்தினாள். "குண்ட நீள்ளு தாகண்டி. மந்து நீள்ளு தாககண்டி" என்று ராகம் போட்டு, திரும்பத் திரும்ப, ஏரி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

குடிசைகளில் ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாதம்மா கையை ஆட்டிக்கொண்டு, முந்தானை பறக்க, ஆட்டோவை நோக்கி ஓடிவந்தாள்.

"அக்கா, நிறுத்து. நுவ்வு இன்னா சொல்றே தெரியுமா? குட்டத் தண்ணி குடிங்க, சாராயம் குடிக்காதீங்கன்னு சொல்றே."

"சாராயமா?"

"மந்துன்னா எங்க ஊர்ல அதான்."

கலைமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மாத்தி சொல்லிட்டனா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாதம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினாள். முதலில் தன் குரல் கூரைமேலிருந்து கேட்டதும் பயந்து நிறுத்தினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினாள். கடகடவென்று பாலமூர்த் தெலுங்கு. கலைமணிக்கு அதில் சாயிலு என்ற பெயரும், நீள்ளு என்ற சொல்லும், பயபடகண்டி என்பதும் மட்டும் பிடிபட்டன. பயப்படாதீர்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, தோப்பின் ஓரத்தில் ஒரு தலை தெரிந்தது. பிறகு ஒன்பது பத்துத் தலைகள். பிறகு ஆட்கள் இடுப்பில் பிள்ளைகளோடு கரைமேல் வரிசையாக நடந்து வந்தார்கள்.

"அண்ணா, பாருடா" என்றாள் கலைமணி. "வராங்கடா."

வந்தவர்கள் எல்லாரும் தெலுங்குக்காரர்கள். மற்றவர்கள் இன்னும் தோப்பில்தான் இருந்தார்கள். கலைமணி ஆட்டோவை அங்கேயே கொண்டுபோகச் சொன்னாள். மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரிசாக் கொத்தனார்களின் முன் மைக்கை நீட்டி, "யாராச்சும் பேசுங்க" என்று சைகை காட்டினாள். எல்லாரும் பின்வாங்கினார்கள். கடைசியில் பீம நாயக் என்ற நெட்டையான ஆள் எழுந்தார். அவர் தம்பி பக்கத்தில் சுருண்டு கிடந்தான். யாதம்மா உடைந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலில் ஒரியாவிலும் பிறகு இந்தியிலும் பேசினார். மெதுவான குரல். "டர நாஹி" என்றார். "டரோ மத்" என்றார். தெலுங்கில் யாதம்மா சொன்ன அதே சொல்தான் இது என்று கலைமணிக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது.

பகல் முடிவதற்குள் சிமென்ட் ஷெட்டு நிரம்பிவிட்டது. முனிரத்தினம் ஆளனுப்பி டாக்டரையும் நர்ஸுகளையும் வரவழைத்தார். மோசமானவர்களுக்கு பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள். மற்றவர்களுக்குப் பாக்கெட் கலக்கிக் கொடுத்தார்கள். அப்போதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. கலக்கிக் கொடுக்க நல்ல தண்ணீர் இல்லை.

பக்கத்துக் கிராமத்தில் லூர்தம்மாளுடைய பம்புசெட்டு இருந்தது. கல்கண்டு மாதிரித் தண்ணீர். கணவர் இறந்த பிறகு தனியாக நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்ட கறாரான பெண்மணி. முனிரத்தினம் போய்க் கேட்டார்.

"ஊர்ல கொயந்த குட்டிங்க கீதுங்க சார். அவங்க வந்து எங்க தொட்டில கைய வெச்சா நாங்களும்தான் சாவோம். முடியாது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

முனிரத்தினம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். கலைமணி நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். அண்ணனைப் பார்த்து, "வண்டிய ஊருக்குள்ள உடு" என்றாள்.

மாதா கோயில் எதிரே நின்று மைக்கை அழுத்தினாள். "ஊர் பெரியோர்களே, தாய்மார்களே. ஒரகடம் சைட்ல வாந்திபேதில தவிக்கிற ஜனங்களுக்கு நல்ல தண்ணி தர முன்வந்திருக்கிற நம்ம லூர்தம்மாள் அவங்களுக்கு எல்லாரும் நன்றி சொல்லிக்கறோம். தண்ணிய இவங்களே தொட்டில புடிச்சி வண்டில அனுப்புவாங்க. வெளியாளு யாரும் கெணத்தாண்ட வரமாட்டாங்க. பயம் வேணாம்."

மூன்றாம் முறை சொல்வதற்குள் லூர்தம்மாள் தெருவுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மே, நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லலக்கா. ஆனா சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கினேன்."

"நீ நெனச்சிக்கினா ஊருக்கே தண்டோரா போடுவியா?"

அதற்குள் இரண்டு பேர் அவரிடம் வந்து, நல்ல காரியம் செய்தீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வேறொருவர் தன் மாட்டுவண்டியைத் தருவதாகச் சொன்னார். லூர்தம்மாள் கலைமணியை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். போகிறபோதே, "டிரம்ம நல்லா கயுவி எடுத்தாரச் சொல்லு. அயுக்கு டிரம்முல நான் ஊத்தமாட்டேன்" என்றார்.

இரண்டு நாள் எல்லாம் சரியாக நடந்தது. மூன்றாம் நாள் காலையில் காண்ட்ராக்டரின் ஆள் ராஜாமணி இரண்டு லாரிகளோடு வந்தான். நோய் கண்ட கூட்டத்தை அவரவர் ஊருக்கு அனுப்பிவிட்டுப் புது ஆட்களை இறக்கச் சொல்லி உத்தரவாம். முனிரத்தினம் இரண்டு நோயாளிகளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஊருக்குப் போகலாம் என்றதும் ஜனங்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். ஷெட்டில் படுத்திருந்தவர்களைக்கூடத் தூக்கி ஏற்றத் தொடங்கினார்கள்.

கலைமணி வந்தபோது முதல் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கரைல குறுக்க நிறுத்து."

"இடிச்சிட்டான்னா?"

"நிறுத்துண்ணா."

கரை அகலம் ஒரு வண்டிக்குத்தான் காணும். தாண்டவராயன் ஆட்டோவைக் குறுக்கே திருப்பி நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கலைமணி மைக்கை எடுத்தாள். "வண்டில ஏறாதீங்க. நோவும் உங்க கூடவே ஏறும். வழில மருந்து இல்ல, தண்ணி இல்ல. இங்க கீது" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராஜாமணி ஓடிவந்து ஸ்பீக்கர் வயரை அறுத்தான். சத்தம் நின்றது. கரைமேல் லாரி இஞ்சின் மட்டும் இரைந்தது.

"இது உன் வேலையா? போயி சினிமா போஸ்டருக்குக் கத்து" என்றான் ராஜாமணி.

கலைமணி ஆட்டோ சீட்டின்மேல் ஏறி நின்று, வெறும் தொண்டையால் கத்தினாள். தமிழ் புரிந்த தென்னாற்காட்டுப் பெண்கள் இரண்டு பேர் லாரியிலிருந்து குதித்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து யாதம்மாவின் குரல் கிளம்பியது. சாயிலுவைத் தலைக்குமேல் தூக்கிக்காட்டிக் கத்தினாள். லாரியின் உள்ளே ஏற்கெனவே ஏறியிருந்த பீம நாயக் எழுந்து நின்றார். மெதுவாகப் பேசுகிற அந்த மனிதர் அன்று பேசியது ஏரியின் மறுகரைவரை கேட்டது. தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதலில் அவரே இறங்கினார். அவர் பின்னால் மடை திறந்தது போல எல்லாரும் இறங்கினார்கள். நாலு பாஷையும் ஒரே நேரத்தில் கேட்டதாம்.

அந்த நேரம் பார்த்து லாரிகளுக்குப் பின்னால் கிராமத்து வண்டிப்பாதையில் லூர்தம்மாளின் மாட்டுவண்டி வந்து நின்றது. மேலே தளும்பத் தளும்ப டிரம்கள். அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னாய்யா லாரிய இஸ்துக்கினு வந்துகீறே?" என்றார் ராஜாமணியிடம். "நான் விடிய மோட்டார் ஓட்டி தண்ணி புடிச்சாந்துகீறேன். குடிக்கற ஆளுங்கள நீ எங்க இட்டுகினு போறே?"

ராஜாமணி அவர் முகத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். தாண்டவராயன் ஆட்டோவை நகர்த்தி வழிவிட, லாரிகள் காலியாகத் திரும்பிப் போயின.

எல்லாரும் பிழைக்கவில்லை. வயதான ஒரு கொத்தனாரை ஷெட்டுக்குக் கொண்டுவரும்போதே நேரம் கடந்திருந்தது. அவரை எரிக்க விறகு கொடுத்தது அந்தக் கிராமம். முன்னே நடந்தவர் பீம நாயக். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் யாரும் சாகவில்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே முனிரத்தினம் கட்டில்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். குட்டையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஏரிக்கரையில் கைபம்பு இறங்கியது. அதை இறக்கவைக்க கலைமணி எத்தனை தரம் தாலுக்கா ஆபீசுக்குப் போனாள் என்பது தனிக்கதை.

மண் வேலை முடிந்ததும் பாலமூர்க்காரர்கள் வேறு சைட்டுக்குக் கிளம்பினார்கள். யாதம்மா ஆட்டோவிலேயே சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்வரை வந்தாள். வழியெல்லாம் மைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். ரோட்டில் போனவர்கள், இதென்ன கல்யாண ஊர்வலமா என்று நின்று பார்த்தார்கள்.

பிறகு தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புதுப்புது ஊர்க்காரர்கள் வந்தார்கள். போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது ஹெல்த் ஆபீசில் முதலில் தேடியது கலைமணியைத்தான். அவள் எந்தப் பாஷையையும் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை. சுத்தமாகத் தெரியாததை வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டாள். அந்தப் பாஷைக்குச் சொந்தக்காரியைத் தேடிப் பிடித்துவிடுவாள்.

நான் அவளோடு ஒரு சொட்டு மருந்து முகாம் நாளில் போயிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்காக ஒரு வங்காளிப் பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். ஊருக்கு வந்து சில நாளே ஆகியிருக்க வேண்டும். மிரண்டு மிரண்டு பார்த்தாள். கலைமணி நேராகப் போய் அவள் கையைப் பிடித்தாள். தன்னிடம் வா என்று சைகை செய்து, "உங்க பாஷைல இத்த எப்டி சொல்லுவீங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வெட்கத்தோடு, "எஷோ" என்றாள்.

கலைமணி மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்து, ஸ்விட்சைத் தட்டினாள்.

"இன்னொரு வாட்டி சத்தமா சொல்லும்மா."